ஆரணி ஹாலுக்கு ஒரு மீன்தொட்டி

அன்பு மச்சான்,

நீ பால் காய்ச்சியதற்கு நாங்கள் யாரும் வரவில்லை என்று தங்கச்சிக்குக் கோபம் இருக்கும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அந்த வாரம்தான் என்று எடுத்துச் சொல். இப்போது பார்வை தெளிவு. சீரியலில் யார் நேற்றைய புடவையிலேயே வந்திருக்கிறாள் என்பது வரைக்கும் அம்மா கண்டுபிடித்துச் சொல்கிறது.

ஹாலில் வைக்கப்போகிற, உள்ளே செடி வளர்க்கிற மீன்தொட்டிக்கு யோசனை கேட்டு ஒரு படம் அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். தரையெல்லாம் பச்சைக் கம்பளம், பின்னால் சிவப்புச் செடி, நடுவில் மலை, குறுக்கே நியான் டெட்ரா மீன் கூட்டம். கிட்டத்தட்ட அதேதான் என் சத்துவாச்சாரி வீட்டிலும் இருந்தது. தீபாவளிக்கு வந்தபோது அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் நீ. அதை இப்போது முழுசாகக் கலைத்து வேறு மாதிரி கட்டிவிட்டேன்.

பழையது கெட்டுப்போகவில்லை, அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது நம்ம ஊர்த் தொட்டி இல்லை. கம்பளச் செடிக்கும் சிவப்புச் செடிக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், டெட்ராவுக்கு மென்மையான ஆர்.ஓ தண்ணீர், இரண்டுக்கும் சேர்த்துக் குளிர்விக்க சில்லர். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஹாலில் சும்மா நிற்கிற தண்ணீரே 33 டிகிரிக்குப் போகும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைகிற ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலே இருப்பது, 33இல் 7 சொச்சத்துக்கு இறங்கிவிடும். சூட்டில் மீனுக்கும் செடிக்கும் மூச்சு வேகம் கூடும். தேவை ஏறுகிற நேரத்தில்தான் சரக்கு குறைகிறது. அந்த நேரம் பார்த்து கரண்டும் போகும். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்பு ஒன்றை இப்போதே வாங்கி வை, அதற்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே.

அதனால் இந்த முறை தண்ணீரில் இருந்து ஆரம்பித்தேன். எங்கள் போர் தண்ணீரை, கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரில் வைத்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளை படியும். அதைக் காவிரித் தண்ணீரோடு கலந்து விடுகிறேன். இந்த உப்புத்தண்ணீரைச் சாப்பாடாக்கிக்கொள்கிற செடிகள் இருக்கின்றன, மச்சான். வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு போதாவிட்டால், இந்தத் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட் உப்பிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். சில சமயம் இலை மேல் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு தெரியும், அது அந்த வேலையின் மிச்சம். சிலிண்டரைக் கழற்றிவிட்டேன்.

பின்பக்கம் முழுக்க வாலிஸ்னேரியா, நிழல் விழுகிற இடத்தில் கிரிப்டோகோரைன், கல்லோடு கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். கடைசி இரண்டின் கிழங்குத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிப்போகும், நூலால் கட்டினால் போதும். கிரிப்டோவை இடம் மாற்றினால் இலையெல்லாம் கரைந்து செத்தது மாதிரி காட்டும். பிடுங்கிவிடாதே. வேர் இருந்தால் திரும்ப வரும்.

அமைப்புக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தின் பாணிக்கு மூலவர் ஜப்பான்காரர் தகாஷி அமானோ. தொழிலில் புகைப்படக்காரர். 2015இல் காலமானார். அதே வருஷம் லிஸ்பனில் 40 மீட்டர் நீளத்துக்கு, 1,60,000 லிட்டரில் ஒரு தொட்டி வைத்தார். மனுஷன் காட்டையும் மலையையும் நேரில் பார்த்துப் பார்த்துத் தொட்டிக்குள் கொண்டுவந்தவர். நாம் அவர் தொட்டியைப் பார்த்துத் தொட்டி வைக்கிறோம். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கினால் கண்ணில் படுவது என்ன? மொட்டைப் பாறை, ஒன்றன்மேல் ஒன்று உருண்டு நிற்கிற குண்டுக்கல், இடுக்கில் கொஞ்சம் புதர். எனக்கு அந்த மலைதான் பிடிக்கும். அதையே வைத்தேன்.

மூன்றடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 190 லிட்டர் பிடிக்கும். ஐந்து கல். பெரியதை நடுவில் நிறுத்தாமல் இடதுபக்கம் தள்ளி, கொஞ்சம் சாய்த்து வைத்தேன். மற்றதெல்லாம் அதே சாய்வில். வலதுபக்கம் வெறும் மணல், ஒரு செடி கிடையாது. வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "அங்க ஏன் காலியா விட்டீங்க?" என்கிறார்கள். வீட்டுக்காரி மட்டும் கேட்கவில்லை, அந்த இடத்தில்தான் மீன் கண்ணுக்குத் தெரிகிறது என்றாள்.

கருங்கல் என்றால் பயமில்லை. சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக்கல், கலந்துவிட்டால் தண்ணீர் இன்னும் கடினமாகும். சந்தேகமான கல்லில் பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு விடு. பொங்கினால் தூக்கி எறி, பொங்காவிட்டால் நன்றாகக் கழுவிப் போடு. மணலுக்காக ஆற்றில் இறங்காதே, பாலாற்றில் சுரண்டியது போதும். வீடு கட்டிய மிச்சம் உன்னிடம் கிடக்குமே, சலித்து, கலங்கல் போகிறவரை அலசினால் ஆயிற்று.

வெயிலுக்குச் சில்லருக்குப் பதில் ஒரு சின்ன ஃபேன், தண்ணீர் மேல் காற்றுப் படும்படி. மண்பானை குளிர்கிற அதே கணக்கு, இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம்ம பக்கம் வறண்ட சூடு என்பதால் சென்னையைவிட இங்கே நன்றாக வேலை செய்யும். ஒரு விஷயம் கவனி: ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு மட்டும் ஆர்.ஓ ஊற்று.

மீனில் மோலி, கப்பி இரண்டுக்கும் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். மணலுக்கு அயிரை. சிரிக்காதே, குழம்பு அயிரையேதான். மணலில் முகத்தைப் புதைத்துக் கிளறுகிற அழகைப் பார்த்த பிறகு அம்மாவே அந்தக் குழம்பு வேண்டாம் என்கிறது. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

பழைய தொட்டியில் கண்ணாடி சுத்தம் பண்ண விட்ட சக்கர் மீன் ஒரு அடிக்கு வளர்ந்துவிட்டது. "கோட்டை அகழியில விட்டுடுங்க, புண்ணியம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அது தென்னமெரிக்க மீன், தமிழ்நாட்டு ஏரி குளங்களில் ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீன் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உனக்கு யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்காதே.

கலைக்கிற அன்றைக்கு மீனை ட்ரம்மில் விட்டு, பில்டரை அதிலேயே ஓடவிட்டேன். மீன் கழிவின் அமோனியாவை மாற்றுகிற பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. காயவிட்டாலோ, குளோரின் தண்ணீரில் கழுவினாலோ செத்துப்போகும். உனக்கு என் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன், ஈரம் காயாமல் எடுத்துப் போனால் உன் தொட்டி சீக்கிரம் பழகிவிடும்.

அதனால் கடைக்குப் போய் மீன் வாங்கிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மூடி போட்ட வாளி ஒன்றோடு வா, வாலிஸ்னேரியா கை நிறையப் பிடுங்கித் தருகிறேன். உன் வீட்டு போர் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வா. அளந்து பார்த்துவிட்டுத்தான் மீனைப் பற்றிப் பேச்சு. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பு வைத்துக் கோபத்தைத் தீர்க்கிறோம்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து உன் மச்சான்