நோயாளியின் கதை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் நாவலும் கவிதையும் எழுதுவோரைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை, தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் மிகுந்த ஈடுபாட்டுடன் படித்தேன். நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் கேட்ட கதைகளே இவர்களுக்கு மூலதனம் என்று அதில் கூறப்பட்டிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நோயாளி நம்மிடம் சொன்னது அவருக்கே உரியது. அதைக் காக்கும் கடமை, நாம் பணியிலிருந்து விலகும் நாளோடு முடிவதில்லை. அவர் இறந்தபின்னும் தொடர்கிறது. பெயரை மாற்றிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். சிங்கப்பூர்த் தமிழர் சிறிய சமூகம். எந்தப் பேட்டை, எத்தனை பிள்ளைகள், என்ன நோய், கடைசி நாள்களில் எந்த மகன் வந்து பார்க்கவில்லை என்று எழுதினாலே, கோயிலிலும் திருமண வீட்டிலும் அந்தக் குடும்பத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள். கவிதைக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பாரும் உண்டு. நான்கு வரிகளுக்குள் ஒரு நோயும் ஓர் உறவும் வந்துவிட்டால் அங்கே மறைத்துக்கொள்ள இடமே இல்லை என்பது என் எண்ணம்.

மருத்துவப் பணி எழுத்தாளருக்கு உண்மையில் தருவது கவனிக்கும் பழக்கம். வலியே இல்லை என்று சொல்பவரின் விரல்கள் கட்டில் கம்பியை எப்படிப் பற்றியிருக்கின்றன, மருத்துவர் பேசிவிட்டுப் போனதும் குடும்பத்தில் யார் முதலில் செலவைப் பற்றிக் கேட்கிறார், யார் கேட்க நினைத்து வாய் திறக்காமல் நிற்கிறார் என்றெல்லாம் பார்த்துப் பழகிய கண், மருத்துவமனைப் பக்கமே வராத மனிதரைப் பற்றியும் எழுத வல்லது. டப்ளினில் மருத்துவம் பயின்று, இங்கே மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே நாவலும் கவிதையும் எழுதிய கோ போ செங், 1972இல் வெளிவந்த தம் முதல் நாவலுக்கு நாயகனாக எடுத்துக்கொண்டது அலுவலக வாழ்வில் சலித்துப்போன ஓர் இளம் எழுத்தரை. 1982இல் கலாசாரப் பதக்கம் பெற்ற அவர், பின்னர் கனடாவில் குடியேறி, பார்க்கின்சன் நோய் வந்தபிறகும் எழுத்தை விடவில்லை. (எழுதுவதற்கு ஓய்வுக்காலம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள், நரம்பு அறுவை மருத்துவரும் நாவலாசிரியருமான கோபால் பரதம் 1999இல் ஓய்வுபெற்று 2002இலேயே மறைந்துவிட்டதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.)

எனவே, இத்தகைய எழுத்தாளர்களை அடுத்த முறை நேர்காணும்போது, உங்களை நம்பிச் சொன்னவற்றை எழுத்தில் என்ன செய்தீர்கள் என்ற கேள்வியையும் கேட்குமாறு வேண்டுகிறேன். கதைப் பயிலரங்கு நடத்தும் நம் இலக்கிய அமைப்புகளும் இதற்கென ஓர் அமர்வை ஒதுக்கினால், எழுத ஆசைப்பட்டும் தயங்கி நிற்கும் தாதியர் பலர் துணிந்து வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன், சிங்கப்பூர்