அன்டெனாவைத் திருப்பச் சொன்ன அறிவுரை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், 'டிவி படம் விட்டு விட்டு வந்தால் அன்டெனாவைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். சரியாகாவிட்டால் டிஜிட்டல் அன்டெனா வாங்குங்கள்' என்று அறிவுரை வந்திருந்தது. எழுதியவர் எந்தக் கூரையில் ஏறிப் பார்த்தாரோ!

நான் சுங்கை பட்டாணிக்காரன். எங்களுக்கு அலைவரிசை ஜெராய் மலையிலிருந்து வருகிறது. 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மலை எங்கும் நகர்ந்துவிடவில்லையே, நான் எதற்கு அன்டெனாவைத் திருப்ப வேண்டும்? யுஎச்எஃப் என்னும் டிவி அலையைப் பிடிக்கிற பழைய அன்டெனாவே டிஜிட்டலுக்கும் போதும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

நல்ல வெயிலில் தெளிவாக வரும் படம், மழை பெய்தால் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறதென்றால் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். எங்கள் வீட்டில் அன்டெனா முனை இணைப்பைக் கழற்றியதும் தண்ணீர் சொட்டியது. உள்ளே செம்புப் பின்னல் களிம்பேறி, தொட்டால் உதிர்ந்தது. கேபிளை மாற்றி, இணைப்பின் மேல் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றியபின் தொல்லை இல்லை. அதற்குள் கடைக்காரர் ஒருவர் அலையைப் பெருக்கும் பூஸ்டரை என் தலையில் கட்டியிருந்தார். கெட்ட கேபிளுக்குக் கீழே பூஸ்டர் மாட்டினால் இரைச்சலும் சேர்ந்தல்லவா பெருகும்! டிஜிட்டல் அலையைப் படமாக்கும் பெட்டியான டிகோடர் காட்டும் கோடுகளில் அலையின் வலிமை ஏறும், தரம் ஏறாது. இரண்டும் வேறு வேறு கோடுகள் என்று தமிழில் சொல்ல ஆளில்லை.

டிஜிட்டலுக்கு முந்தைய அனலாக் காலத்தில் புள்ளி விழுந்தாவது படம் ஓடும். 2019இல் மலேசியாவில் அந்த ஒளிபரப்பை நிறுத்தினார்கள். இப்போது அலை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் திரை உறைந்து நிற்கிறது. டிகோடர் வந்த புதிதிலேயே இதை விளக்கிக் கட்டுரை போடச் சொல்லி எழுதினேன். வெளிவரவில்லை. இடமில்லை போலும். நடிகைகளின் பிறந்தநாளுக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைக்கிறது. டிவி2 தமிழ்ச் செய்தியின் நேரம் மாறினாலும் தங்கள் நிகழ்ச்சிப் பட்டியலில் பழைய நேரமே கிடக்கும். அதற்கும் எழுதினேன்.

எங்கள் குடியிருப்புத் தாமானில் அந்தச் செய்திக்காகவே டிவி வைத்திருக்கும் பெரியவர்கள் உண்டு. பத்திரிகை சொன்னதென்று ஏணி போட்டு ஏறிவிடுவார்கள், ஐயா. விழுந்தால் யார் பொறுப்பு?

'முதலில் கேபிளையும் இணைப்பையும் ஆள் வைத்துப் பாருங்கள்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். பிறந்தநாள் பக்கத்தின் மூலையில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
சுங்கை பட்டாணி, கெடா