எக்கோவை நிறுத்திய அண்ணனுக்கு

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்துப் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், எழுத்தாளர்களைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை ராத்திரி என்ன ஆனது, பிள்ளைகள் எழுத்தாளர்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குப் பேசியிருந்த மண்டபம் ஏன் கைவிட்டுப் போனது என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை சிறார் எழுத்தாளர்கள் மூன்று பேரும் தகரக் கொட்டகையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொன்னார்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் அது கேட்டது. கேட்கவைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

நன்றியில் பெரும்பங்கு மைக் செட் அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அவர் கட்டும் ஹாரனைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

அவரிடம் கேட்டிருந்தது இரண்டு பெரிய பாக்ஸ் (ஸ்பீக்கர் பெட்டி), இரண்டு கார்ட்லெஸ் மைக். மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொட்டகைக்குள் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார்த்தார். பெரிய பாக்ஸை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. “கத சொல்லப் போறாங்களா, கட்சிக் கூட்டமா டீச்சர்? கொயந்தைங்க காது இன்னாத்துக்கு ஆவும்?” என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், நான்கு சின்ன பாக்ஸோடு வந்தார்.

இதில் பெரிய விஷயம் இருக்கிறது. மேலே தகரம், கீழே சிமெண்ட் தரை, மூன்று பக்கமும் பூசிய சுவர். ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் பெரிய பாக்ஸை முன்னால் வைத்து, பின்வரிசைக்குக் கேட்கட்டும் என்று வால்யூமை ஏற்றினால் முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள், பின்வரிசைக்கு இரைச்சல்தான் போய்ச் சேரும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். கொட்டகைக்குள்ளோ பாக்ஸிலிருந்து நேராக வரும் குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போக, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். பின்னால் போகப் போக ஆ, ஓ என்ற உயிரொலிகள் மிஞ்சும். க, ச, த, ப கரைந்துவிடும். பிள்ளை ஏன் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறது என்றால், அதன் காதில் சொல்லே விழவில்லை. கவனமில்லாத பிள்ளைகள் என்று நாம் திட்டிய பல நிகழ்ச்சிகளில் குற்றம் பாக்ஸுடையது.

அதனால் அண்ணன் ஒலியைக் கூட்டவில்லை, பாக்ஸைப் பிள்ளைகளின் பக்கத்தில் கொண்டுபோனார். பக்கத்துக்கு இரண்டாக, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல், தரையில் உட்கார்ந்த பிள்ளையின் காது மட்டத்துக்குச் சற்று மேலே, உள்பக்கமாகத் திருப்பி வைத்தார். நான்குமே எழுத்தாளர் இருக்கைக்கு முன்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். மைக்கின் வாய்க்கு நேராக பாக்ஸ் இருந்தால் அதன் ஒலி மைக்குக்குள்ளேயே திரும்பப் போய்ச் சுற்றும். மைக் கூவுவது அதனால்தான்.

பிறகு மிக்ஸரில் பேஸை, அதாவது கனத்த அடி ஒலியை, கணிசமாக இறக்கினார். பேச்சில் சொல் தெளிவாகக் கேட்பதற்கு உதவுவது பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரை உள்ள பகுதி. அதற்குக் கீழே தங்கும் ‘கும்’ என்ற ஒலி கொட்டகையை நிரப்பித் தெளிவை மூடிவிடும். அடுத்து, குரலை எதிரொலிக்கவைக்கும் எக்கோ குமிழை முழுக்க அணைத்தார். நம் பக்கத்து ஆம்ப்ளிஃபயர்களில் அந்தக் குமிழ் எப்போதும் பாதியிலாவது நிற்கும். கானாவுக்கு அது அழகு, அறிவிப்புக்குக் கம்பீரம், கதைக்கு எமன்.

எழுத்தாளர் படம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸைப் பின்சுவரில் கட்டலாம் என்றபோதும் மறுத்தார். ஃப்ளெக்ஸ் வழவழப்பானது, ஒலியைத் திருப்பி அடிக்கும். அதற்குப் பதிலாக வீடு வீடாக ஜமுக்காளமும் பருத்திப் போர்வையும் கேட்டு வாங்கவைத்தார். சுவரோடு ஒட்டவிடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கயிற்றில் தொங்கவிட்டார். இடைவெளி விட்டால் அதே துணி இன்னும் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும். போர்வை தந்த வீடுகளுக்கு இங்கேயே நன்றி. துவைத்துத் தர வேண்டியவை இன்னும் சில பாக்கி.

படக்கதை சொல்பவருக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் மைக், ஒரு கையில் புத்தகம் என்றால் பக்கத்தை எப்படிப் புரட்டுவது? காலர் மைக் கொடுத்தார். தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சுக்கு நடுவில் குத்தினார். ஓரமாகக் குத்தினால் தலையை மறுபக்கம் திருப்பும்போது குரல் விழுந்துவிடும். சேலைத் தலைப்பு உரசினால் கரகரவென்று கேட்கும் என்பதால் வயரில் ஒரு சின்ன வளையம் விட்டு டேப் ஒட்டினார். வயரை இழுத்தாலும் அந்த அசைவு மைக்குக்குப் போகாது. பேட்டரி புதிது, இன்னொரு ஜோடி சட்டைப் பையில்.

அவர் சோதித்துப் பார்த்த விதம்தான் எங்களுக்கெல்லாம் பாடம். ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ சொல்லவில்லை. சீக்கிரம் வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கடைசி மூலையில் உட்காரவைத்தார். எழுத்தாளரை மெதுவாக, ஏறக்குறைய ரகசியம் பேசுவது போல, “பல், கல், சொல், புல்” என்று சொல்லச் சொன்னார். அந்தப் பெண் திரும்பச் சொன்னாள். ‘கல்’லை அவள் ‘பல்’ என்றபோது ஒரு ஸ்டூலை இரண்டடி நகர்த்தினார். எல்லாச் சொல்லும் சரியாக வந்த பிறகே வால்யூம் குமிழின் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது.

தாண்டத் தோன்றும் நேரம் வந்தது. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி போகாத காலை உண்டா? வண்டி வந்தபோது ஒலியை ஏற்றாமல் எழுத்தாளருக்குக் கை காட்டினார். “போவட்டும்மா, அப்பால சொல்லுங்க.” அவரும் நிறுத்தினார். பிள்ளைகள் கடகடவைக் கேட்டுப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். விடை ஆளுக்கு ஒன்றாக வந்தது, அதிலேயே ஒரு சண்டை. கதை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது.

கேள்வி நேரத்திலும் மைக்கைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. கையில் வாங்கிய பிள்ளை அதை விழுங்குவது போல வாயில் வைக்கும், இல்லாவிட்டால் இடுப்புக்கு இறக்கிவிடும். இவரே முட்டி போட்டு, நாலு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். கடைசி வரிசையிலிருந்து தொடங்கியது அவர் யோசனை. முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பழக்கிக் கூட்டிவந்த பிள்ளைகள், ‘எழுதும் ஆர்வம் எப்படி வந்தது’ என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார்கள். கடைசி வரிசையிலிருந்து வந்த முதல் கேள்வி, “அந்த ஆட்டுக்குட்டிய ஏன் தொலச்சீங்க?” எழுத்தாளர் உண்மையாகவே யோசித்துப் பதில் சொன்னார்.

வாடகை வாங்கவில்லை. வண்டிக்கும் பேட்டரிக்கும் மட்டும் கணக்கு எழுதிக் கொடுத்தார்.

மற்றவர்களுக்கும் நன்றி. கொட்டகைச் சாவியைக் கொடுத்தவர், சுண்டல் தாளித்த சுயஉதவிக் குழு அம்மாக்கள், விளம்பரமே இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர்கள், நூலகர், தார்ப்பாய் விரித்த கேரம் கிளப் பையன்கள், விற்காத பிரதிகளை முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துக்கொண்ட பதிப்பகத்தார், எல்லாருக்கும். படக்கதையின் பக்கங்களைப் பெரிதாக்கிக்கொள்ள முன்கூட்டியே சம்மதம் தந்த எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் தனியாக ஒரு நன்றி. கையளவுப் புத்தகம் நாலாவது வரிசையைத் தாண்டித் தெரியாது, பகல் வெளிச்சத்தில் புரொஜக்டர் வெளுத்துவிடும். ஏ3 கலர் ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டியதால் சமாளித்தோம்.

கையெழுத்து வரிசையை நடத்திய கல்லூரிப் பெண்கள் இருவரையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரைக் கேட்டு, இனிஷியலோடு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தில் செருகி அனுப்பினார்கள். எழுத்தாளர் பெயர் கேட்டுத் தடுமாறும் நேரம் மிச்சமானது, அந்த நேரத்தில் பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேசினார். ஜெல் பேனாவை வாங்கி வைத்துவிட்டு பால்பாயிண்ட் கொடுத்தது இன்னும் நல்ல காரியம். படப்புத்தகத்தின் வழவழப்பான தாளில் ஜெல் மை சீக்கிரம் காயாது, புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் அப்பிவிடும். புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அட்டையில் கையெழுத்து. அவர்களுக்குத் தனி வரிசை போடாமல் ஒரே வரிசையில் நிற்கவைத்ததைப் பல பெரிய விழாக்கள் கற்றுக்கொள்ளலாம்.

1950இல் இதே நகரத்தில்தான் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. சிறார் இலக்கியத்துக்கு சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் கொடுத்துவருகிறது. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கிப் புத்தகக் காட்சியில் அவர்களைப் பார்த்துவிடலாம். ஆனால் அங்கே மேடை உயரம், நாற்காலி முழுக்கப் பெரியவர்கள். வட சென்னைப் பிள்ளை அவ்வளவு தூரம் போயும் எழுத்தாளரின் செருப்பைத்தான் பார்க்கிறது.

ஆகவே இனி எங்கள் நிகழ்ச்சிகளில் மேடை கிடையாது. பொன்னாடை கிடையாது, வாழ்த்துரை கிடையாது. ஒரு அமர்வுக்கு நாற்பது நிமிடம், அதில் பாதி பிள்ளைகளின் கேள்விக்கு. எழுத்தாளருக்கும் தரையிலேயே பாய். முட்டி வலி உள்ளவர்களுக்குக் குட்டை ஸ்டூல். வட்டச் செயலாளர் வந்தாலும் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் இடம். இது இப்போதைய சூட்டில் எழுதுவது என்று நினைப்பவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்கு வந்து சரிபார்க்கலாம்.

கூட்டத்தில் வாங்காமல் போன பிள்ளைகளின் கையெழுத்து அட்டைகள் கிளை நூலகத்தில், பெயர் அகரவரிசையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறது. பிள்ளையை அனுப்பினால் போதும், பெற்றோர் வரத் தேவையில்லை. நீல நிறக் கட்டம் போட்ட ஜமுக்காளம் யாருடையது என்று தெரியவில்லை. அதுவும் அங்கேதான் இருக்கிறது.