‘முடியாது’ என்றதைச் சரியாகக் கேட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் டாக்டர், "இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்" என்றார். எனக்கு வந்தது அனோரெக்ஸியா, சாப்பிடவே பயந்து உடம்பு வற்றிப்போகும் மனநோய். அன்றைக்கே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். யாருக்கெல்லாம் நன்றி என்பதில் குழப்பமே இல்லை. எதற்கு என்று எழுதுவதில்தான் சிக்கல். 'நோயிலிருந்து என்னைக் காப்பாற்றியதற்கு' என்றால் நான் சும்மா படுத்துக் கிடந்த மாதிரி இருக்கிறது. 'நான் மீண்டுவரத் துணை நின்றதற்கு' என்றால் எல்லாம் என் கையிலேயே இருந்த மாதிரி. இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்ததைச் சொல்லிக்கொண்டே வருகிறேன், நன்றி அங்கங்கே வரும்.

ஆரம்பித்தது நான்தான். அதை மறைக்க மாட்டேன். அப்போது எனக்கு 17 வயது. ஓட்டத்தில் இன்னும் சில நொடிகள் குறைய வேண்டும், அதற்கு உடம்பு கொஞ்சம் இளைக்க வேண்டும் என்று நானே வாயைக் கட்டினேன். 'என்ன மனக்கட்டுப்பாடு!' என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. என்னோடு ஓடிய நாலு பேரும் அதே டயட்டில் இருந்தார்கள். பந்தயம் முடிந்தது, அவர்கள் பழையபடி சாப்பிடப் போய்விட்டார்கள். என்னால் போக முடியவில்லை. 'சாப்பிட மாட்டேன்' என்பது எந்த நாளில் 'சாப்பிட முடியவில்லை' ஆனது என்று இன்றும் தேடிப் பார்க்கிறேன், அகப்படவில்லை.

'முடியாது' என்ற சொல்லும் ஒரு வம்பு பிடித்த சொல். மறுப்பதற்கும் அதுதான், இயலாமைக்கும் அதுதான். நான் இயலாமையைச் சொன்னேன், எல்லோருக்கும் அது மறுப்பாகக் கேட்டது. உறவினர் ஒருவர், "எல்லாம் கொழுப்பு" என்றார். உடம்பில் மருந்துக்குக்கூட அது இல்லாத நேரத்தில் சொன்னார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. முதலில் பார்த்த மருத்துவரோ, "இது பெண் பிள்ளைகளுக்கு வருவது" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

அக்கா, சரியாகக் கேட்ட முதல் ஆள் நீதான். நான் நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்ப்பதையும், வீட்டில் எல்லோருக்கும் ஆசை ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டு உப்புகூடப் பார்க்காமல் எழுந்து போவதையும் கவனித்தது நீ. "இவன் பிடிவாதம் பிடிக்கலை, பயப்படுறான்" என்று அம்மாவிடம் நீ சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. அந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாய்.

டாக்டர், உங்களிடம் நான் முதலில் கேட்டது, "ஆண்களுக்கும் இது வருமா?" என்றுதான். 1689இலேயே ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இப்படி இரண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார், அதில் ஒருவன் 16 வயதுப் பையன் என்றீர்கள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய முகம் தெரியாத ஒருவன் எனக்குத் தெம்பு கொடுத்தான் என்றால் நம்புவீர்களா?

அப்புறம் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஒரு சோதனையின் கதை. இரண்டாம் உலகப் போரில் சேர மறுத்த, உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள். பட்டினி மனிதனை என்ன செய்யும் என்று அறிய ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் நடத்திய சோதனைக்குத் தாங்களாகவே வந்தவர்கள். 1945இல் ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்து உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகம், தட்டின் முன்னால் நெடுநேரம், குளிர், எரிச்சல், துக்கம். கேட்கக் கேட்க என் டைரியை யாரோ வாசிப்பது போல இருந்தது. பட்டினியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள், சரி. பின்னால் வந்ததை யாரும் தேர்ந்தெடுக்கவில்லையே.

அதோடு நிறுத்தாமல் வித்தியாசத்தையும் சொன்னீர்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு ஏங்கினார்கள், எனக்குத் தட்டைக் கண்டாலே நடுக்கம். ஒரே டயட் ஐந்து பேரில் ஒருவனை மட்டும் ஏன் பிடித்தது என்பதற்கு, 2019இல் வெளியான மரபணு ஆய்வைக் காட்டினீர்கள். கிட்டத்தட்ட 17,000 அனோரெக்ஸியா நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள 8 இடங்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். மனநோய்களோடு மட்டுமல்ல, உடல் சக்தியைச் செலவிடும் விதத்தோடும் தொடர்பு தெரிந்ததாம். "அப்போ என் வழியாகத்தான் வந்ததா?" என்று அம்மா கண் கலங்கினார். "மரபணு தலையெழுத்து இல்லை அம்மா, உங்கள் குற்றமும் இல்லை" என்று நிதானமாக விளக்கினீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

வார்டில் இருந்த நாட்கள் பாதி மறந்துவிட்டன. நாடித்துடிப்பு குறைந்துதான் சேர்த்தார்கள். காய்ந்து கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி இதயமே தடுமாறலாம் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். தினமும் விடிகாலையில் ரத்தம் எடுக்க வந்த சிஸ்டர், உங்களை முறைத்ததற்கு மன்னியுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் சாப்பாட்டுப் பொறுப்பு அம்மா, அப்பா கைக்குப் போனது. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை இது. எதை, எவ்வளவு என்பதைப் பெற்றோர் முடிவு செய்வார்கள், பிள்ளையோடு பேரம் கிடையாது. அம்மா, ஒரு தட்டுக்கு இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். நான் கத்தினேன், கெட்ட வார்த்தை சொன்னேன். நீங்கள் எழுந்து போகவில்லை. "இப்போ உன்னைக் கேட்கலை, சாப்பிடு. கேட்கிற நாள் வரும்" என்றீர்கள். என் விருப்பத்தை அன்று நீங்கள் பறித்தீர்கள், உண்மைதான். ஆனால் பறிக்க அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டு, அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசாத அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உளவியலாளர் மேடம், அந்தப் பொறுப்பை ஒவ்வொரு வேளையாக எனக்குத் திருப்பி வாங்கிக் கொடுத்தது நீங்கள். முதலில் வாரத்தில் ஒரு வேளை. அந்த ஒரு வேளைக்காக நாலு நாள் தூங்காமல் கிடந்தேன். நடுவில் உங்கள் எல்லோரையும் ஒரு மாதம் ஏமாற்றினேன். எப்படி என்று எழுத மாட்டேன், யாருக்காவது பாடமாகிவிடும். அது தெரிந்தபோது 'பாவம், நோய்' என்று நீங்கள் விட்டுவிடவில்லை, திட்டவும் இல்லை. "இதை வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றீர்கள், அவ்வளவுதான். நோயை நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தது நான்தான். அந்த வேலையை எனக்கென்று மிச்சம் வைத்தீர்களே, அதற்கு நன்றி.

மருத்துவர் கடிதம் இல்லாமல் மைதானத்தில் கால் வைக்க விடாத பயிற்சியாளர் சாருக்கும், வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த புலிமியா அண்ணனுக்கும். புலிமியா என்றால் அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்க வைக்கும் நோய், பல்லையும் அரித்துவிடும். எடை குறையவே இல்லை என்பதால் பல வருடம் யாருமே கண்டுகொள்ளாத மனிதர் அவர். அண்ணே, பல் டாக்டரிடம் போனீர்களா இல்லையா?

அக்கா, நாளைக்குச் சமையல் என் முறை. உப்பு கூடினால் நீ சொல்ல வேண்டாம், எனக்கே தெரிந்துவிடும்.