வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் படித்த கிரெடிட் எங்கே போகிறது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வரும் ஒவ்வொரு முறையும் உங்கள் பத்திரிகையில் மலையகப் பிள்ளைகளின் படங்களும் வாழ்த்துகளும் வருகின்றன, பார்க்க நெஞ்சு நிறைகிறது. ஆனால் உள்ளே போன பிள்ளை நடுவில் ஏதோ ஒரு காரணத்தால் வேறு பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர வேண்டி வந்தால் என்ன பாடுபடுகிறது என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தலவாக்கலைப் பக்கம் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். என் அக்கா மகளும் என்னிடம் படித்தவள்தான். விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகி, தோட்டத்திலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று செமஸ்டர் முடித்தாள். இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல், மொத்தம் 44 கிரெடிட் (ஒரு பாடத்துக்கு எவ்வளவு படிப்பு வேலை என்று காட்டும் அலகு), ஒரு பாடத்திலும் தவறவில்லை. அந்த நேரத்தில் மச்சானுக்கு, அவளுடைய அப்பாவுக்கு, பாரிசவாதம் வந்தது. அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும், அவரைத் தூக்கி உட்கார வைக்கவும் ஓர் ஆள் வேண்டும். பிள்ளை பையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பீடத்துக்கு ஒரு கடிதம் கூடக் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

இரண்டு வருடம் கழித்து மச்சான் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, வீட்டிலிருந்து போய் வரக்கூடிய தூரத்தில் உள்ள இன்னோர் உயர்கல்வி நிறுவனத்தில் விஞ்ஞானப் பட்டத்துக்கு விண்ணப்பித்து, பழைய கிரெடிட்டுகளையும் கணக்கில் எடுங்கள் என்று கேட்டாள். ஐந்து மாதம் பதில் இல்லை. பிறகு, படித்த பாடங்களின் முழுப் பாடத்திட்டம் வேண்டும் என்றார்கள். பழைய இடத்தில் கேட்டால் நேரில் வரச் சொன்னார்கள், போனால் பாடத்திட்டம் இப்போது மாறிவிட்டது, பழையதைத் தேட வேண்டும், அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். பஸ் காசு, ஒரு நாள் தங்கும் செலவு, அக்கா ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலைக்குப் போய்ச் சேர்த்தது எல்லாம் அதிலேயே கரைந்தது. கடைசியில் 44இல் 9 கிரெடிட்டுக்கு மட்டும், திரும்பப் படிக்க வேண்டாம் என்று, விலக்கு கிடைத்தது, மற்றதற்கெல்லாம் "பொருந்தவில்லை" என்ற ஒரே சொல். எந்தப் பாடத்தில் எந்தப் பகுதி பொருந்தவில்லை, யார் பார்த்து முடிவெடுத்தார்கள், ஒன்றும் இல்லை. "மாமா, அங்கே செய்த அதே நியமிப்புப் பரிசோதனையை இங்கே முதலிலிருந்து செய்யச் சொல்கிறார்கள்" என்று அவள் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

இத்தனைக்கும் நம் நாட்டில் இதற்கென்று ஓர் அளவுகோல் இல்லாமல் இல்லை. பட்டம், சான்றிதழ் எல்லாவற்றையும் மட்டம் பிரித்துக் காட்டும் இலங்கைத் தகைமைகள் சட்டகம் 2012இலேயே வந்துவிட்டது. இப்போது அதில் 12 மட்டங்கள். ஒரு கிரெடிட் என்றால் விரிவுரை, செயன்முறை, தானாகப் படிப்பது எல்லாம் சேர்த்து 50 மணிநேர வேலை. ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட், மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. கிரெடிட்டைச் சேர்த்து வைக்கலாம், வேறு இடத்துக்கு எடுத்துப் போகலாம் என்ற ஏற்பாடும் அதே சட்டகத்தில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் என் அக்கா மகள் 2,200 மணிநேரம் படித்திருக்கிறாள், அதில் 450 மணிநேரத்தைத்தான் அந்த நிறுவனம் எண்ணியது.

வெளிநாட்டுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணிநேரம். நம்முடைய 30ஐ 50ஆல் பெருக்கினால் 1,500 மணிநேரம், அவர்களுடைய 60ஐ 25ஆல் பெருக்கினாலும் அதே 1,500தான். எண் மட்டும் பார்க்கிறவர் நம் பிள்ளை பாதிதான் படித்திருக்கிறது என்று நினைத்துவிடலாம், அதனால் மணிநேரக் கணக்கையும் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். பக்கத்து இந்தியாவில் 2021இல் கிரெடிட் வங்கி என்று ஒன்றைத் தொடங்கி, மாணவன் ஓரிடத்தில் பெற்ற கிரெடிட்டை அவன் பெயரிலேயே கணக்கு வைத்துச் சேமிக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

விரிவுரையாளர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியும், நானும் அதே பாடத்தைத்தானே படிப்பிக்கிறேன். விஞ்ஞானம் படிப்படியாக ஏறும் பாடம். பௌதிகவியல் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஓரிடத்தில் நுண்கணிதத்தோடு நடத்துவார்கள், இன்னோரிடத்தில் அது இல்லாமல் நடத்துவார்கள், இரண்டையும் ஒன்று என்று எடுத்தால் அடுத்த வருடம் அந்தப் பிள்ளைதான் தவிக்கும். "பொது இரசாயனவியல்" ஓரிடத்தில் விரிவுரை மட்டும், இன்னோரிடத்தில் ஆய்வுகூடமும் சேர்ந்தது. சேதன இரசாயனச் செயன்முறை செய்யாத ஒருவரை நேராக மேல் வகுப்பு ஆய்வுகூடத்தில் விட்டால் ஆபத்தும் உண்டு. சரி, அப்படியானால் அதை எழுத்தில் சொல்லுங்கள். விரிவுரைப் பகுதியை ஏற்கிறோம், செயன்முறையை மட்டும் செய் என்று சொல்லலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு பரீட்சை வைக்கலாம், எங்கள் பிள்ளைகள் எழுதுவார்கள். பிள்ளையின் ஆய்வுகூடக் கொப்பிகளைத் திறந்து பார்க்காமலே ஒரு சொல்லில் மூடிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று அரசே பட்டியலிட்ட 16இல் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன, அந்த மாவட்டங்களுக்கென்று 5 வீத இடம் ஒதுக்குகிறார்கள். இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று அனுமதி கொடுக்கும்போது தெரிகிறது. தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்புத்தான், பெரும்பாலும் பெண் பிள்ளையின் படிப்பு, என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. எல்லா விஞ்ஞான பீடங்களின் முதலாம் வருடப் பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதற்குச் சமம் என்று ஒரு அட்டவணை போட்டு வெளியிடுங்கள். பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, சம்மாந்துறை, வவுனியா என்று எங்கே படித்தாலும் முதல் வருட இரசாயனவியலில் பெரும்பகுதி ஒன்றாகத்தான் இருக்கும். விண்ணப்பத்துக்குப் பதில் சொல்ல ஒரு காலக்கெடு வையுங்கள். மறுத்தால் பாடம் பாடமாகக் காரணம் எழுதுங்கள். பழைய பாடத்திட்டங்களை வருட வாரியாக இணையத்தில் போட்டு வைத்தால் ஒரு பிள்ளை அதற்காக இரவு பஸ் ஏற வேண்டியதில்லை.

அதுவரைக்கும் இதை வாசிக்கும் மாணவர்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் என்ன நெருக்கடி என்றாலும் சும்மா கிளம்பி வந்துவிடாதீர்கள், படிப்பை ஒத்திவைக்கக் கேட்டு, வைத்தியச் சான்றிதழ் அல்லது கிராம சேவகர் கடிதத்தோடு எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், திரும்பிப் போக ஒரு கதவு திறந்திருக்கும். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் தரும் பாட விவரத் தாளை, தலைப்பும் மணிநேரமும் உள்ள அந்தத் தாளை, எறியாமல் ஒரு கோப்பில் போடுங்கள். ஒப்பமிட்ட ஆய்வுகூடக் கொப்பிகளையும் அப்படியே. மறுப்புக்குக் காரணம் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், உயர்கல்வி நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன, தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். நாங்களும் போன கிழமை அந்த விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உயர்தர இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.