ஹோஸ் கிழிந்தால் மெஷினையே மாற்ற வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் வாக்குவம் கிளீனர் வெறுமனே இரைந்ததே தவிர தூசியை இழுக்கவில்லை. "ஹோஸ் தனியாக வராது, புது மெஷின் வாங்கிக்கோங்க" என்றார் பழுது பார்ப்பவர். கழற்றிப் பார்த்தேன். கைப்பிடியை ஒட்டிய மடிப்பில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அதிகம் வளைவது அங்கேதான். காற்று அதன் வழியே புகுந்தால் தரையில் இழுவை எங்கிருந்து வரும்?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிழிந்த பகுதியை வெட்டி, மீதிக் குழாயை மறுபடி கைப்பிடியில் திருகினேன், பழையபடி இழுக்கிறது. (கைப்பிடியில் சுவிட்ச் உள்ள ஹோஸுக்குள் வயர் ஓடும், அதை வெட்டக் கூடாது.) புது ஹோஸ் வாங்குவோருக்கு விட்டம் முக்கியம்: 32 மி.மீ., 35 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அளவைக் குழாயிலேயே அச்சிட்டு, ஹோஸைத் தனியாக விற்கத் தயாரிப்பாளர்களுக்கு என்ன தயக்கம்?

இப்படிக்கு,
ஒரு வாசகி