ஷில்லாங்கிலிருந்து மிருதங்கத்துக்கு

ஷில்லாங்,
ஞாயிறு மாலை, மழை.

அன்புள்ள மிருதங்கம்,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்ற வரியை என் மனைவிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "முதலில் வலது காலா, இடது காலா என்று கேளுங்கள்" என்றாள். நானும் கேட்கிறேன். வலது கால் என்றால் எனக்குக் கவலைதான். கல்லூரி விடுதி நாட்களில் பேஸ் டிரம் மிதித்த கால் அல்லவா அது!

மகளுக்கு வங்கியில் இங்கே மாற்றல் ஆனதும் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். மூன்று மாதம் ஓடிவிட்டது. குளிர் பரவாயில்லை. மழைதான் ஒழியவில்லை. துவைத்த வேட்டி காய நான்கு நாள் பிடிக்கிறது. இங்குள்ளவர்கள் காசி இனத்தவர் (நம் பாட்டிமார் போக ஆசைப்பட்ட காசி வேறு). நம்மைப் போலவே வெற்றிலை பாக்குக்கு உயிரை விடுகிறார்கள். 'க்வாய்' என்கிறார்கள். பாக்கு பச்சையாக இருக்கும். முதல் நாள் தெரியாமல் ஒன்றைப் போட்டு மென்றேன். காது வரை சூடேறி, வியர்த்து, அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. போன மாதம் தொலைபேசியில் நாம் போட்ட சண்டையின் மிச்சம் இது. இக்காலப் பையன்கள் எழுபதுகளின் ராக் இசையை வாசிப்பதைப் பற்றிச் சொன்னேன். நீ ஒரே வார்த்தையில் "நகல்" என்றாய். அன்று நானும் பாதி ஒப்புக்கொண்டேன். இப்போது அந்தப் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

லைதும்க்ரா என்று ஒரு பகுதி. கல்லூரிகளும் சிற்றுண்டிக் கடைகளும் நிறைந்த மேட்டுத்தெரு. அங்கே ஒரு காபிக் கடையில் சனிக்கிழமை மாலை நான்கு பையன்கள் வாசித்தார்கள். யாருக்கும் இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. தோளில் புரளும் முடி, கால்பக்கம் அகன்ற கால்சட்டை. நம் விடுதிப் புகைப்படத்தில் இருக்கும் நம்மையே பார்ப்பது போல இருந்தது. நம்மைவிட நன்றாகச் சாப்பிட்ட முகங்கள், அவ்வளவுதான். சிரிப்பு வந்தது. வாசிக்கத் தொடங்கியதும் சிரிப்பு போய்விட்டது.

கிட்டார் பையன் வைத்திருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர், டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள் வைத்த ஒலிபெருக்கிப் பெட்டி. ரிச்சி தெருவில் வால்வுகள் வாங்கிக் கோட்டையூர்க்காரன் நமக்குக் கட்டிக்கொடுத்தானே, நினைவிருக்கிறதா? தொட்டால் ஷாக் அடிக்கும், பாடினால் மீன் கருகும் வாடை வரும். ஆனால் அதன் ஓசை! டிரான்சிஸ்டர் பெட்டியில் ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டினால் சட்டென்று உடைந்து காதைக் கிழிக்கும். வால்வு அப்படி உடையாது. கூட்டக் கூட்ட மெல்லக் கரகரத்து, ஊறிய சீவாளி போட்ட நாயனம் போல ஒரு கனம் சேரும். அந்தக் கனத்துக்காகத்தான் இந்தப் பையன் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஆயிரம் ஓசைகளை விட்டுவிட்டு, முப்பது கிலோ பெட்டியை மழையில் மேட்டுத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறான். நகல் எடுப்பவன் சுலபமான வழியை அல்லவா தேடுவான்?

இன்னொன்றும் கவனித்தேன். பாட்டின் நடுவில் வேகம் கொஞ்சம் ஏறியது, பிறகு அடங்கியது. இன்று ஒலிப்பதிவுக் கூடங்களில் காதுக்குள் 'டக் டக்' என்று ஒரு எந்திரம் தாளம் போடுகிறது. யாரும் இம்மி நகர முடியாது. இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தார்கள். காலப்பிரமாணம் தப்பினால் உனக்குக் கோபம் வரும், தெரியும். இது தப்பிய வேகம் இல்லை. நான்கு பேரும் சேர்ந்தே ஏறினார்கள், சேர்ந்தே இறங்கினார்கள்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. சிம்லா பீட் போட்டி உனக்கு மறந்திருக்காது. ராக் குழுக்களுக்காக ஒரு சிகரெட் கம்பெனி பம்பாயில் நடத்தியது. 1970, 71 ஆண்டுகளில் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. மூர் மார்க்கெட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டுக் காசு போதாமல் திரும்பினோமே, அதேதான். அதில் மெட்ராஸிலிருந்து கன்ஃப்யூஷன்ஸ் என்று ஒரு குழு இருந்தது என்பதை மட்டும் நாம் பெருமையாகப் பிடித்துக்கொண்டோம். அதே வரிசையில் ஃபென்டோன்ஸ் என்ற குழுவும் இருந்தது. எந்த ஊர் என்று நாம் பார்க்கவே இல்லை. ஷில்லாங்! நம் ஊர்க் குழுவை இன்று நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே டாக்சி ஓட்டுபவர் ஃபென்டோன்ஸைப் பற்றிப் பேசுகிறார்.

லூ மஜாவ் என்று இந்த ஊர்ப் பாடகர் ஒருவர். வெள்ளை முடி தோள் வரை, அரைக்கால் ஜீன்ஸ், ஒரு காலுக்கு ஒரு நிறத்தில் காலுறை. 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் மே 24 அன்று அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளுக்குப் பாட்டுக் கச்சேரி நடத்திவருகிறார். நாம் கல்லூரியில் காலெடுத்து வைப்பதற்கு முன்பே தொடங்கியது, நாம் ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. ரூடி வாலாங், டிப்ரிடி கர்பங்கர் இருவரும் 2003இல் தொடங்கிய சோல்மேட் குழு 2007இல் ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசைக்குப் பேர்போன அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்கே போய், உலக ப்ளூஸ் போட்டியில் பாடிவிட்டு வந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான், விற்றுவிட்டு வந்திருக்கிறார்கள். ரூடியின் தந்தையும் இசைக்கலைஞர். டிப்ரிடி அம்மாவின் குரல் எழும்பும்போது உனக்கு முதுகுத்தண்டு நிமிரும்.

ஏன் இங்கே மட்டும் இப்படி என்று யோசித்துப் பார்த்தேன். 1841இல் வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சிக்கு வந்து, இவர்கள் மொழிக்கு ரோமன் எழுத்தைக் கொடுத்தார். அந்த வழியில் வந்த தேவாலயங்களில் நான்கு குரலும் நான்கு வழியில் போய்ச் சேரும் பாடல் முறை வேரூன்றியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் நடந்தால் ஜன்னல்தோறும் அது கேட்கிறது. நாம் தம்புராவோடு வளர்ந்தது போல இவர்கள் அதில் வளர்கிறார்கள். கிட்டார் வந்தபோது காது ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறது. இதை நான் முடிவாகச் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவனின் ஆராய்ச்சி என்று வைத்துக்கொள்.

உன் பக்கத்து நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். போலீஸ் பஜாரில் வேறொரு குழுவைக் கேட்டேன். அது நகல்தான்; இருமலைக்கூட இசைத்தட்டில் உள்ளபடியே இருமினார்கள். டீப் பர்ப்பிள் குழுவின் அந்தப் பழைய கிட்டார் வரியை நாம் விடுதியில் வாசித்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் இந்தக் காபிக் கடைப் பையன்கள் நான்காவது பாட்டைத் தங்கள் மொழியில் பாடினார்கள். தாங்களே எழுதியதாம். ஒரு சொல் புரியவில்லை. ஓசை என் இருபது வயதின் ஓசை, சேதி அவர்களுடையது. தியாகராஜரைப் பாடுகிறவனை நீ நகல் என்று சொன்னதுண்டா? குருவின் பாடம் என்பாய், பாடாந்தரம் என்பாய், தலையை ஆட்டுவாய். லெட் ஸெப்பலின் மாதிரி ராக் குழுவுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

கச்சேரி முடிந்ததும் போய்ப் பேசினேன். வேட்டி கட்டிய கிழவன் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி விசாரிக்கிறானே என்று திகைத்தார்கள். பிறகு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். கிட்டாரையும் கையில் கொடுத்தான் ஒருவன். நாற்பது வருடமாகத் தொடாத விரல். இரண்டு நிமிடத்தில் நுனி எரிந்தது. கீழே வைத்துவிட்டேன்.

டிரம் பையன்தான் என்னை விடவில்லை. லெட் ஸெப்பலினின் முதல் இசைத்தட்டில், முதல் பாட்டில், அவர்களுடைய டிரம் கலைஞர் ஜான் பான்ஹாம் ஒற்றைப் பெடலில் போடும் அந்த வேகமான சறுக்கல் அடியை அவனால் பிடிக்க முடியவில்லையாம். கால் பின்தங்குகிறதாம். என் நண்பன் ஒருவன் மிருதங்கம் படித்தவன், அதை 1977இல் விடுதிக் கட்டில் சட்டத்தில் தட்டியே பிடித்துவிட்டான் என்றேன். "எப்படி?" என்றான். "முதலில் வாயால் சொல்லிப் பார்ப்பான்" என்றேன். 'தகிட தகிட' என்று தொடங்கி, 'த' கைக்கு, 'கிட' இரண்டும் காலுக்கு என்று நீ பிரித்த வரை எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சொன்னதும் அவன் மேசையில் தட்டிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. மறுபடி தட்டினான். அதற்குப் பிறகு என்ன சொல் என்று கேட்டான். நீ ஒரு தீர்மானம் வைத்து முடிப்பாயே, அது எனக்கு வரவில்லை.

முழுச் சொற்கட்டையும் எழுதி அனுப்பு. அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ரோமன் எழுத்தில் எழுது. எது கை, எது கால் என்று சொல்லுக்கு மேலே குறித்துவிடு. அடுத்த சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. பையன் கடைவாசலிலேயே காத்திருப்பான்.

அன்புடன்,
உன் பழைய கிட்டார்